குகையும் கோட்டையும்

இமயத்தின் தென்சரிவில், வங்கத்துக்கும் அஸ்ஸாமுக்கும் வடக்கே அமைந்துள்ள சிறிய நாட்டை நாம் பூட்டான் என்கிறோம். அந்நாட்டு மக்கள் அவ்வாறு அழைப்பதில்லை. அவர்களுக்கு அது ட்ருக் யுல், அதாவது இடியென முழங்கும் டிராகனின் நாடு. இப்பெயர் ஓர் அரச குலத்திலிருந்தோ, ஆற்றிலிருந்தோ, மலையிலிருந்தோ வந்ததன்று. துறவியர் பரம்பரை ஒன்றிலிருந்து வந்தது.

12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திபெத்தில் சாங்பா கியாரே (1161-1211) என்ற யோகி வாழ்ந்தார். மடம் அமைக்க இடம் தேடிச் சென்ற அவர், ஓரிடத்தில் ஒன்பது டிராகன்கள் முழக்கத்துடன் வானில் எழுந்ததைக் கண்டார் என்பது மரபு. அதையே நல்ல நிமித்தமாகக் கொண்டு அங்கு மடம் நிறுவினார். ட்ருக் என்றால் டிராகன். அவர் வழிவந்தோர் ட்ருக்பா எனப்பட்டனர். இப்பரம்பரையின் வேர் நம் நாட்டில் இருக்கிறது. திலோபா, நரோபா என்னும் இந்திய சித்தர்களிடமிருந்து மார்பாவுக்கும், மார்பாவிடமிருந்து பனிமலைக் குகைகளில் தவமியற்றிய மிலரேபாவுக்கும் வந்த உபதேசமே ட்ருக்பா பரம்பரையின் உயிர்நாடி. நாளந்தாவின் பெரும் பண்டிதராக இருந்தும், அப்பதவியைத் துறந்து குருவைத் தேடிப் புறப்பட்டவர் நரோபா. மிலரேபாவோ குகையைத் தவிர வேறு வீடறியாதவர். பதவியை விட்டு நீங்குவதும் குகையை நாடுவதும் இந்தக் குருபரம்பரையின் குருதியிலேயே கலந்தவை.

சிதறிக் கிடந்த அம்மலைநாட்டை ஒன்றாக்கியவரும் இப்பரம்பரையைச் சேர்ந்தவரே. நவாங் நம்கியால் (1594-1651) என்பது அவர் பெயர். மக்கள் பெயர் சொல்வதில்லை. ஷாப்துருங் என்றே குறிப்பிடுவர். திருவடியின் முன்னே என்பது அச்சொல்லின் பொருள். பெரியோரைப் பெயரால் சுட்டாமல் திருவடியால் சுட்டுவது நமக்கும் பழக்கமானதே. அடிகள் என்று தமிழிலும் பூஜ்யபாதர் என்று வடமொழியிலும் சொல்கிறோம் அல்லவா? வேறு லாமாக்களுக்கும் வழங்கிய பட்டம்தான் அது. ஆனால் பூட்டானில் அடைமொழி ஏதுமின்றி ஷாப்துருங் என்றால் அது இவரையே குறிக்கும்.

அரியணையில் இருந்தவாறே ஞானியாக விளங்கியவர் ஜனகர். ஷாப்துருங்கின் வாழ்க்கை எதிர்த்திசையில் செல்கிறது. குகையில் அமர விரும்பிய ஒருவர் வாழ்நாளெல்லாம் கோட்டைகள் கட்ட நேர்ந்தது. அந்த வாழ்க்கையில் வணங்கத் தக்கவை பல. ஒரு துறவியின் கண்ணுக்கு நெருடலானவையும் சில உண்டு. இரண்டையும் மறைக்காமல் பார்ப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.

ராலுங் மடத்தின் வாரிசு

திபெத்தில் கியான்ட்சே நகருக்குக் கிழக்கே ராலுங் மடம் இருக்கிறது. சாங்பா கியாரே தோற்றுவித்த இம்மடத்தின் தலைமை அவர் பிறந்த கியா குடும்பத்திலேயே தலைமுறை தலைமுறையாக நிலைத்து வந்தது. முற்றிலும் துறவியரே மடாதிபதியாவது என்பது எல்லாத் திபெத்தியப் பரம்பரைகளுக்கும் பொதுவான விதியன்று. மணம் புரிந்து, மகனுக்கு உபதேசம் அளித்து, அவனைப் பீடத்தில் அமர்த்திய தலைவர்களும் இருந்தனர். அக்குடும்பத்தில் 1594இல் நவாங் நம்கியால் பிறந்தார். தந்தை தென்பை நியிமா. தாத்தா மிபாம் சோக்யால், ராலுங்கின் 17ஆம் பீடாதிபதி. தாத்தாவிடமும் தந்தையிடமும் சாஸ்திரங்களையும் யோக முறைகளையும் கற்றதோடு, ஓவியமும் சிற்பமும் அந்தச் சிறுவருக்கு இளமையிலேயே கைவந்தன. 1606இல் தாத்தா மறைந்தார். 12 வயதில் பேரன் 18ஆம் பீடாதிபதியானார்.

சிக்கல் அவர் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ட்ருக்பா பரம்பரை ஈன்ற மாபெரும் அறிஞர் பெமா கார்போ 1592இல் மறைந்திருந்தார். அவரே மறுபடி பிறந்து வந்திருக்கிறார் என்று ராலுங்கில் நவாங் நம்கியாலைக் கொண்டாடினர். ஆனால் சோங்யே சிற்றரசர் குடும்பத்தில் 1593இல் பிறந்த பக்சம் வாங்போ என்ற மற்றொரு குழந்தையையும் பெமா கார்போவின் மறுபிறவி என்று அவருடைய சீடர்களுள் செல்வாக்கு மிக்க ஒரு பிரிவினர் நிறுவ முயன்றனர். ஒரே குருவுக்கு இரண்டு மறுபிறவிகள்! மடத்துச் சொத்துகளும் சீடர் கூட்டமும் எந்தப் பக்கம் செல்லும் என்பதும் இதில் அடங்கியிருந்தது. ஆன்மிகப் பரம்பரைகளைப் பிளப்பவை பெரும்பாலும் தத்துவ வேறுபாடுகள் அல்ல என்பதற்கு நம் நாட்டு மடங்களின் வரலாற்றிலும் சான்றுகள் உண்டு.

ஷிகாட்சேயிலிருந்து மத்திய திபெத்தை ஆண்ட சாங் மன்னர், பக்சம் வாங்போவின் பக்கமே தீர்ப்பளித்தார். இதற்கிடையே ஆற்றுத்துறையில் படகேறும்போது ராலுங் மடத்தாருக்கும் வேறொரு பெரிய லாமாவின் பரிவாரத்தாருக்கும் மூண்ட சண்டையில் உயிர்கள் பலியாயின. மன்னர் அதற்கு ஈடு கேட்டார். அத்துடன் ராலுங்கின் புனிதப் பொருளாகிய ரங்ஜுங் கர்சபாணியையும் ஒப்படைக்கச் சொன்னார். சாங்பா கியாரேயின் உடல் தகனமானபோது அவருடைய முதுகெலும்புக் கணு ஒன்றில் அவலோகிதேஸ்வரரின் வடிவம் தானே தோன்றியதாக நம்பப்படும் சிறிய திருவுருவம் அது. அதை வைத்திருப்பவரே பரம்பரையின் உண்மையான வாரிசு. அதைக் கொடுப்பது பீடத்தையே கொடுப்பதாகும்.

தெற்கு நோக்கி

அவர் கொடுக்கவில்லை. 1616இல், 22 வயதில், அத்திருவுருவத்துடன் திபெத்தை விட்டுப் புறப்பட்டார். பெரிய கருங்காகம் ஒன்று தெற்கு நோக்கிப் பறப்பதைக் கனவில் கண்டார் என்றும், பரம்பரையின் காவல் தெய்வமாகிய மகாகாலரே காக வடிவில் வழிகாட்டினார் என்றும் பூட்டானியர் சொல்வர். இன்றும் அந்நாட்டு மன்னரின் மகுடத்தில் காகத் தலை இருக்கிறது.

தெற்கே அவருக்காகக் காத்திருந்தது ஓர் அரசன்று. அப்போது பூட்டான் என்று ஒரு நாடே இல்லை. ஒவ்வொரு பள்ளத்தாக்கும் ஒரு லாமாவின் குடும்பத்தையோ ஒரு தலைவரையோ சார்ந்திருந்தது. ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் செல்ல உயர்ந்த கணவாய்களைக் கடக்க வேண்டும், மொழியும் மாறிவிடும். 13ஆம் நூற்றாண்டில் பாஜோ ட்ருகோம் ஷிக்போ என்ற யோகி ட்ருக்பா உபதேசத்தை இங்கே கொண்டுவந்து வேரூன்றச் செய்திருந்தார். ஆகவே வடக்கே காசாவிலும் திம்பு பள்ளத்தாக்கிலும் இருந்த ட்ருக்பா குடும்பங்கள் ராலுங்கின் இளம் பீடாதிபதியைத் தங்கள் குருவாகவே ஏற்றன. மற்றப் பரம்பரைகளைச் சேர்ந்த லாமாக்கள் அவரை ஏற்கவில்லை. பின்னாளில் அவர்கள் ஐந்து லாமாக் கூட்டத்தினர் எனப்பட்டனர்.

சாங் மன்னரின் படை பின்தொடர்ந்து வந்தது. உள்ளூர் மக்களின் துணையால் அது பின்வாங்கியது. ஷாப்துருங் குகையில் அமர்ந்து மகாகாலரை நோக்கி உக்கிரமான சடங்குகளைச் செய்தார் என்றும், சில ஆண்டுகளுக்குள் சாங் மன்னர் அம்மை நோயால் மாண்டது அவற்றின் பயனே என்றும் அவருடைய வரலாற்றை எழுதியோர் பெருமிதத்தோடு குறிக்கின்றனர். பெருமிதத்தில் நம்மால் பங்குகொள்ள இயலவில்லை. கருணையே வடிவான அவலோகிதேஸ்வரரை மார்போடு சேர்த்துக் கொண்டுவந்தவர், பகைவனின் மரணத்துக்காக வழிபட்டார் என்பது இடறலாகவே இருக்கிறது. அக்காலத் திபெத்தில் இரு தரப்பாரும் இத்தகைய சடங்குகளை ஆயுதமாகவே கருதினர் என்பது விளக்கமாகலாம், சமாதானம் ஆகாது.

அதே காலத்தில்தான் அவர் ஒரு முத்திரைப் பாடலை இயற்றினார். பதினாறு நான் என்பது அதன் பெயர். ஒவ்வோர் அடியிலும் நான் என்ற சொல் வரும் 16 அடிகள். தம் ஆட்சியையும், ஞானத்தையும், பகைவரை அடக்கும் ஆற்றலையும் அதில் அறிவித்தார். அதுவே அவருடைய அரச முத்திரையாயிற்று. நான் என்று ஒன்று இல்லவே இல்லை என்று போதிக்கும் அனாத்ம தத்துவத்தின் ஆசாரியர் 16 முறை நான் என்று முழங்கியதைப் படிக்கும் தத்துவ மாணவர் திகைக்கவே செய்வார்.

ஆனால் அதை இயற்றியவர் அடுத்து என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். அவருடைய தந்தை மறைந்ததும், உடலை இரகசியமாகத் தெற்கே கொணர்ந்து, அஸ்தியை வெள்ளி ஸ்தூபத்தில் வைத்து, அதற்காக 1620இல் திம்பு பள்ளத்தாக்கின் வடகோடியில் செரி மடத்தை நிறுவினார். மடத்தின் முழுப்பெயரில் வரும் தோர்ஜேதென் என்ற சொல் வஜ்ராசனத்தைக் குறிக்கும். புத்தகயைக்குத் திபெத்தியர் வழங்கும் பெயர் அது. பின் அங்கேயே மூன்றாண்டுத் தனித்தவத்தில் அமர்ந்தார். வெற்றி பெற்ற தலைவர் தம் வெற்றியைப் பெருக்கிக்கொள்ள வேண்டிய நேரத்தில் மூன்று ஆண்டுகள் யாருடனும் பேசாமல் பாறைச் சரிவில் இருந்தார். வெளியே வந்தபின் 30 துறவியரைக் கொண்டு ஒரு சங்கத்தை அமைத்தார். பூட்டானின் மத்திய துறவியர் சங்கத்துக்கு அதுவே தொடக்கம்.

கொச்சிக்குச் சென்ற கடிதம்

ஷாப்துருங்கைப் பற்றிச் சீடர்கள் எழுதியவை ஏராளம். பக்தி மிகுந்த அந்நூல்களில் மனிதரைக் காண்பது கடினம். நல்லூழாக, அவருடைய சீடரல்லாத ஒருவர், அவருடைய சமயத்தை ஏற்காத ஒருவர், அவரை நேரில் கண்டு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது.

எஸ்தெவாவோ கசெல்லா, ஜோவாவோ கப்ரால் என்ற இரு போர்த்துகீசிய இயேசு சபைத் துறவியர் வங்கம், கூச்பிகார் வழியாக 1627 இளவேனிலில் பூட்டானுக்குள் நுழைந்தனர். அந்நாட்டில் காலடி வைத்த முதல் ஐரோப்பியர்கள் இவர்களே. செரி மடத்தில் ஷாப்துருங் அவர்களை வரவேற்றுப் பல மாதங்கள் தங்க வைத்தார். அங்கிருந்து அவ்வாண்டு அக்டோபர் 4ஆம் நாள் கசெல்லா கொச்சியிலிருந்த தம் தலைவருக்கு நீண்ட கடிதம் எழுதினார்.

அக்கடிதம் காட்டும் மனிதர் 33 வயதினர். அரசரும் அவரே, நாட்டின் தலைமை லாமாவும் அவரே. சாந்தமும் பணிவும் உள்ளவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது. சோறு, இறைச்சி, மது எதையும் தொடுவதில்லை. பழமும் பாலுமே உணவு. மூன்றாண்டுத் தவத்தின்போது செங்குத்துப் பாறையை ஒட்டிய சிறு குடிலில் இருந்ததையும், கீழிருந்து கயிற்றில் உணவு ஏறிச் சென்றதையும் கசெல்லா கேட்டறிந்து எழுதியிருக்கிறார். ஓய்வு நேரத்தில் அவர் தம் கையால் படம் தீட்டுவதும் உருவம் செதுக்குவதுமாக இருந்தார். வந்தவர்கள் தம் சமயத்தைப் பரப்ப வந்தவர்கள் என்று தெரிந்தும், பாரோவில் அவர்கள் தேவாலயம் கட்டிக்கொள்ள உதவுவதாகச் சொன்னார். உக்கிரச் சடங்குகளைச் செய்தவர் என்று சீடர்கள் போற்றும் அதே மனிதர்தான் இவர். இரண்டு சித்திரங்களும் ஒருவரையே குறிக்கின்றன என்பதை ஏற்கத்தான் வேண்டும்.

கடிதத்தில் மற்றொரு செய்தி நம்மை நிறுத்துகிறது. அவர் மிக நீண்ட தலைமுடி வைத்திருந்தார். அது அவருடைய அரச நிலைக்கு அடையாளம். தமக்குப் பின் ஆள ஒரு மகன் பிறந்ததும் அம்முடியைக் களைந்துவிட்டு உலகை விட்டு ஒதுங்கிவிடப் போவதாக அவர் அந்த அயல்நாட்டவரிடம் மனம் திறந்து சொல்லியிருக்கிறார். தம் ஆட்சிக்கு அவரே ஒரு முடிவு நாளைக் குறித்து வைத்திருந்தார் என்பது இதனால் தெரிகிறது. ஆட்சி அவருக்கு ஒரு கடன். தீர்த்துவிட்டுக் குகைக்குத் திரும்ப வேண்டும்.

பாதிரியார்கள் அங்கே தங்கவில்லை. அவர்களுடைய நாட்டம் திபெத்தில் இருந்தது. தம் பகைவரின் தலைநகருக்கு அவர்கள் செல்வதை ஷாப்துருங் விரும்பவில்லை; எனினும் கசெல்லா முதலிலும் கப்ரால் பின்னருமாக ஷிகாட்சேக்குச் சென்றுவிட்டனர். கசெல்லா 1630இல் அங்கேயே நோயுற்று இறந்தார். பூட்டானில் அவர் நட்ட சமயம் முளைக்கவில்லை. அவர் எழுதிய கடிதம் நிலைத்தது.

ஜோங்

குகைக்குத் திரும்பும் நாள் வரவில்லை. 1629இல் திம்புவுக்குத் தெற்கே, பள்ளத்தாக்குகளின் வழிகள் கூடும் மேட்டில், சிம்தோக்கா ஜோங்கை எழுப்பத் தொடங்கினார். ஜோங் என்பதைக் கோட்டை என்று மட்டும் மொழிபெயர்த்தால் பாதிப் பொருள்தான் கிடைக்கும். மேலே போகப் போக உள்நோக்கிச் சாயும் வெண்ணிறச் சுவர்களுக்குள் ஒரு முற்றத்தில் அதிகாரிகள், மற்றொரு முற்றத்தில் துறவியர், நடுவே கோயில் கோபுரம். களஞ்சியம், ஆயுதசாலை, பாடசாலை, பூஜை மண்டபம் எல்லாம் ஒரே கூரைத் தொகுதிக்குள். மடத்தையும் அரசையும் எப்படி இணைப்பது என்ற கேள்விக்கு அவர் நூல் எழுதி விடை சொல்லவில்லை, கட்டிக் காட்டினார்.

சிம்தோக்கா எழும்பும்போதே ஐந்து லாமாக் கூட்டத்தினர் தாக்கித் தோற்றனர். 1634இல் சாங் படையுடன் சேர்ந்து மீண்டும் வந்து ஜோங்கைப் பிடித்தும்விட்டனர். உள்ளே இருந்த வெடிமருந்துக் கிடங்கு தீப்பற்றி வெடித்து, பிடித்தவர்களையே அழித்தது. இந்தப் போர்கள் எதுவும் வேற்றுச் சமயத்தாருடன் நடந்தவை அல்ல. புத்தரைச் சரணடைந்தோர் புத்தரைச் சரணடைந்தோரோடு பொருதனர். தோற்ற லாமாக் குடும்பங்கள் சில, நாட்டை விட்டே வெளியேறின. ஜோங்குகளைக் கட்டக் கல்லும் மரமும் சுமந்த குடிமக்களின் உழைப்பு, கூலியில்லாத அரசாங்கக் கடமையாக இருந்தது.

1637இல் புனாக்கா ஜோங் எழுந்தது. போ சூ, மோ சூ என்னும் இரு ஆறுகள், ஒன்று ஆண், ஒன்று பெண், கூடுமிடத்தில் கப்பல் போல நீண்டு நிற்கும் அதன் அழகுக்கு இணை இமயத்தில் குறைவு. ரங்ஜுங் கர்சபாணி அதனுள் வைக்கப்பட்டது. திபெத்தியப் படை ஒருமுறை அதைத் தேடி வந்தபோது, ஷாப்துருங் அதை ஆற்றில் எறிந்துவிட்டதாகப் பகைவர் நம்பும்படி செய்தார் என்பது மரபுக் கதை. ஆண்டுதோறும் புனாக்காவில் நடக்கும் விழாவில் பழங்கால வீரர் வேடமிட்ட கிராமத்தவர் புடைசூழத் தலைமைத் துறவி ஆற்றங்கரைக்கு வந்து, கர்சபாணியின் நினைவாக ஆரஞ்சுப் பழங்களை நீரில் எறிகிறார். வாங்துவே போட்ராங் 1638இலும், திம்புவின் தாஷிச்சோ 1641இலும், பின்னர் பாரோவின் ஜோங்கும் தோன்றின. இவற்றில் பல தீக்கும் நிலநடுக்கத்துக்கும் இரையாகி மீண்டும் கட்டப்பட்டவை. வாங்துவே ஜோங் 2012இல் எரிந்து, பத்தாண்டுகளில் திரும்ப எழுந்தது.

1639இல் சாங் மன்னருடன் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. மூன்றே ஆண்டுகளில் அம்மன்னராட்சியை மங்கோலியர் குஷ்ரி கான் வீழ்த்தி, ஐந்தாம் தலாய் லாமாவை அதிகாரத்தில் அமர்த்தினார். பகைவர் மாறினர், பகை மாறவில்லை. 1644இலும் 1648-49இலும் திபெத்திய மங்கோலியப் படைகள் வந்து திரும்பின. இரண்டாம் வெற்றியின் நினைவாகப் பாரோவின் மேற்கோடியில் ட்ருக்யேல் ஜோங் எழுந்தது.

இவற்றுக்கு நடுவே 1631இல் மகன் பிறந்தான். ஜம்பெல் தோர்ஜே என்று பெயரிட்டனர். கசெல்லாவிடம் சொன்னபடியே, மகன் பிறந்தபின் ஷாப்துருங் முழுத் துறவு விரதங்களை ஏற்றார். சொன்ன சொல்லில் பாதி நிறைவேறியது. ஒதுங்குதல் என்ற மறுபாதி நிறைவேறவில்லை. மகன் நோயாளி, நாட்டை ஏந்தும் ஆற்றல் அவருக்கு வாய்க்கவில்லை. முடியைக் களைந்த தந்தையால் பொறுப்பைக் களைய முடியாமற்போயிற்று.

ஆகவே வேறு வழி வகுத்தார். சமயத்துக்கு ஜே கென்போ என்னும் தலைமைத் துறவி. நிர்வாகத்துக்கு தேசி என்னும் ஆட்சியாளர். இருவருக்கும் மேலே ஷாப்துருங். பெக்கர் ஜுங்னே முதல் ஜே கென்போ ஆனார். ராலுங்கிலிருந்தே உடன்வந்த மூத்த துறவி தென்சின் ட்ருக்யே முதல் தேசியானார். பின்னாளில் வங்கத்துடன் நடந்த கடிதப் போக்குவரத்துகளில் ஷாப்துருங்கைத் தர்மராஜா என்றும், தேசியைத் தேபராஜா என்றும் குறித்தனர். அவர் வகுத்த நெறிகளைத் தழுவிய சட்டத் தொகுப்பு 1729இல் எழுத்தில் அமைந்தது.

மூடிய கதவு

1651இல் ஷாப்துருங் புனாக்கா ஜோங்கில் ஓர் அறைக்குள் சென்று தனித்தவத்தில் அமர்ந்தார். வயது 57. இனி எவரையும் காண மாட்டார் என்று அறிவிக்கப்பட்டது. குறித்த வேளைகளில் உணவு உள்ளே சென்றது. நியமனங்களும் மானியங்களும் அவர் பெயராலேயே வெளிவந்தன. முதல் தேசி 1656இல் மறைந்தார், இரண்டாமவர் வந்தார், மூன்றாமவர் வந்தார். கிழக்கே திரோங்சாவின் ஆளுநராக இருந்து பின் மூன்றாம் தேசியான மிங்யுர் தென்பா, பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகக் கிழக்குப் பூட்டானை இணைத்தார். நான்காம் தேசி தென்சின் ரப்கியே 1692இல் பாரோவின் செங்குத்துப் பாறையில் தக்சாங் கோயிலைக் கட்டினார். எல்லாம் ஷாப்துருங்கின் ஆணைப்படி.

ஷாப்துருங் 1651இலேயே, உள்ளே சென்ற சிறிது காலத்தில், காலமாகிவிட்டார். அச்செய்தி வெளிவந்தது 18ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில். அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு நாடு மூடிய கதவு ஒன்றால் ஆளப்பட்டது. இன்று நாம் பூட்டான் என்று சொல்லும் நிலப்பரப்பில் பெரும்பகுதி அந்த ஆண்டுகளில் சேர்ந்ததே. இதே நூற்றாண்டில் திபெத்திலும் ஐந்தாம் தலாய் லாமாவின் மறைவு 1682 முதல் 15 ஆண்டுகள் மறைக்கப்பட்டது. ஆனால் காலத்தின் நீளத்தில் புனாக்காவுக்கு ஒப்புமை இல்லை.

இது பொய்யா? வாய்மையை விரதமாக ஏற்ற துறவியரே இக்காவலைச் செய்தனர் என்பதால் இக்கேள்வியைத் தவிர்க்க முடியாது. குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்ற வள்ளுவரின் அனுமதி உடனே நினைவுக்கு வரும். நோயுற்ற வாரிசு, எல்லைக்கு அப்பால் பகைவர், முப்பது ஆண்டு வயதுகூட நிரம்பாத அரசு. செய்தி கசிந்திருந்தால் பள்ளத்தாக்குகள் மறுபடியும் போர்க்களமாகியிருக்கும். இராமபிரானின் பாதுகைகளை அரியணையில் வைத்து 14 ஆண்டுகள் ஆண்ட பரதனையும் ஒப்பிடத் தோன்றும். ஆனால் அங்கே இராமர் காட்டில் இருக்கிறார் என்பதை அயோத்தி முழுவதும் அறிந்திருந்தது. புனாக்காவில் மக்கள் அறியவில்லை. இந்த வேறுபாடு சிறிதன்று.

அக்காவலர்களின் மனத்தில் வேறொரு கணக்கும் இருந்திருக்க வேண்டும். மூச்சு நின்றபின்னும் சித்தபுருஷரின் மனம் உடலில் தியானத்தில் நிலைத்திருக்கும் என்பது திபெத்திய பௌத்தத்தின் உறுதியான நம்பிக்கை. அப்படியானால் அவர் தவத்தில் இருக்கிறார் என்று அவர்கள் சொன்னது முற்றிலும் பொய்யென்று அவர்களுக்கே தோன்றியிராது. நாமும் சமாதி என்ற ஒரே சொல்லால் ஆழ்ந்த தியானத்தையும் குறிக்கிறோம். மகான்களின் உடல் அடங்கிய இடத்தையும் குறிக்கிறோம். என் கருத்தில், காவலர்கள் தங்களுக்குள் உண்மையாக இருந்தார்கள். மக்களிடம் உண்மையாக இல்லை. ஷாப்துருங் தாமே இதற்கு ஆணையிட்டாரா என்பதைப் பொறுத்து அவர்மீதான தீர்ப்பும் மாறும்.

கதவு திறந்தபின் நடந்தவற்றைப் பார்க்கையில் காவலர்களின் அச்சம் வீண் அல்ல என்று தெரிகிறது. ஷாப்துருங்கின் மறுபிறவி உடல், வாக்கு, மனம் என மூன்றாகப் பிரிந்து தோன்றும் என்று கொள்ளப்பட்டது. எந்தக் குழந்தை எது என்ற வழக்கில் கட்சிகள் பிரிந்தன. பெமா கார்போவின் மறுபிறவி பற்றிய பூசலிலிருந்து தப்பி வந்தவர் நிறுவிய நாட்டில், அதே பூசல் அவர் பெயராலேயே மூண்டது. தேசிகள் பலர் பதவியிழந்தனர், சிலர் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின், 1907 டிசம்பர் 17ஆம் நாள் புனாக்காவில் துறவியரும் அதிகாரிகளும் கூடித் திரோங்சா ஆளுநர் உக்யென் வாங்சுக்கைப் பரம்பரை மன்னராக ஏற்றனர். தேசி பதவி முடிந்தது. ஜே கென்போ பதவி தொடர்ந்தது. சமயமும் அரசும் மன்னரிடம் இணைவதாக 2008ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் கூறுகிறது.

ஷாப்துருங்கின் உடல் தகனம் செய்யப்படவில்லை. புனாக்கா ஜோங்கில் மச்சென் என்னும் சந்நிதியில் இருக்கிறது. மன்னரும் ஜே கென்போவும் பணிவிடை செய்யும் துறவியரும் தவிர வேறெவரும் உள்ளே செல்வதில்லை. 2008 நவம்பர் 1ஆம் நாள், முடிசூட்டு விழாவுக்குச் சில நாட்கள் முன்பு, ஐந்தாம் மன்னர் ஜிக்மே கேசர் அச்சந்நிதிக்குள் சென்று, ஷாப்துருங்கின் திருமுன்னிலிருந்து ஐவண்ணப் பட்டு மேலாடைகளைப் பெற்றுக்கொண்டு வெளியே வந்தார். கதவு மீண்டும் சாத்தப்பட்டது.